கற்பூரத்துக்கு முன் சோப்புத் தண்ணீர்

தன்னைத் தானே மெச்சிக்கொள்ளக் கூடாது என்பார்கள். எங்கள் வேனுக்குள் கேஸில் எரியும் சுடுதண்ணீர் ஹீட்டர் பூட்டிய கதையில் மட்டும் என்னால் அப்படி இருக்க முடியாது. வேறு யாராவது என்னைப் புகழ்வார்கள் என்று காத்திருந்தால் ஹீட்டரே துருப்பிடித்துவிடும்.

நானும் என் வீட்டுக்காரரும் கண்ணாடி துடைக்கிறவர்கள். வீடு பலாபத்வலயில். தம்புள்ளை வரைக்கும், கலேவெலப் பக்கமும் கூட, தண்ணீர் டாங்கியோடு வேனில் போய்வருவோம். வங்கி, புடவைக் கடை, சாப்பாட்டுக் கடை எதுவானாலும் சரி. புடவைக் கடைக் கண்ணாடி சாது, கழுவினால் தூசி போய்விடும். கொத்து ரொட்டிக் கல்லுக்கு எதிரே இருக்கும் கண்ணாடியைப் பச்சைத் தண்ணீரில் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் குடிபோகும், அவ்வளவுதான். தம்புள்ளை வீதியில் ஒரு பெரிய சாப்பாட்டுக் கடை முதலாளி, வெயில் விழுந்ததும் தெரிந்த கோடுகளைக் காட்டி, "இதுக்கா ஒங்கள கூப்பிட்டேன்?" என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. சுடுதண்ணீர் இல்லாமல் இனிச் சரிவராது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

வீட்டுக்காரருக்கு வேன்தான் உயிர். முன்பு அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி ஸ்கூல் ஹயர் ஓடினார்.

"வேனுக்குள்ள கேஸா?" என்றார். "நீ கேக்குறதால சரிங்கிறேன். ஆனா சின்னக் கோளாறு வந்தாலும் எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சிட்டு பழையபடி ஸ்கூல் ஹயர்தான். அப்புறம் கண்ணாடின்னு வாயத் தொறக்கக் கூடாது."

நான் சரி என்றேன். வெயிலில் நின்று கட்டி எழுப்பிய தொழில் எனக்கு அது. அதை ஒரு ஹீட்டரின் மேல் வைத்துப் பந்தயம் கட்டிவிட்டு எப்படித் தூங்கினேன் என்று தெரியவில்லை.

ஹீட்டரோடு வந்த தாளை வாசித்த அளவுக்குப் பள்ளிக்கூடத்தில் நான் எதையும் வாசித்ததில்லை. மாத்தளை டவுனிலிருந்து வந்த வெல்டிங் மேஸ்திரி, நாங்கள் பாஸ் என்று கூப்பிடுகிறவர், என் திட்டத்தைக் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, கூரையில ஓட்ட, தரையிலயும் ஓட்ட. இது வேனா, சல்லடையா?"

"கூரை ஓட்டையில பைப் வெச்சா எரிஞ்ச காத்து வெளிய போயிரும். உள்ள நின்னா ஆளக் கொல்லும். கேஸ் காத்தவிடக் கனம், கசிஞ்சா கீழதான் எறங்கும். அதுக்குத்தான் தரையில ஓட்ட."

அவர் சிரித்துக்கொண்டே போட்டுத் தந்தார். கேஸ் முன்பக்கம் வராமல் சாரதி இருக்கைக்குப் பின்னால் சந்து பொந்தில்லாமல் ஓர் இரும்புத் தகடு. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க ஒரு கூண்டு, அதைச் சுற்றி பெல்ட். வேன் ஓடும்போது ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும். வேனை நிறுத்திப் பின்கதவு இரண்டையும் விரியத் திறந்தால்தான் ஹீட்டர் எரியலாம். இது என் சட்டம். அன்று மாலை ரெகுலேட்டரைத் திறந்து, கண்ணாடி கழுவும் சோப்புத் தண்ணீரையே பஞ்சில் தோய்த்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவினேன். கேஸ் கசிந்தால் அங்கே குமிழி வரும். ஒரு குமிழியும் வரவில்லை. ரெகுலேட்டரை மூடிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

மறுநாள் காலை பூசை. சிலிண்டர் வெடித்த செய்திகளைக் கேட்ட நாளிலிருந்து விறகடுப்பை விட்டு நகராத என் மாமியார், கற்பூரத் தட்டும் தீப்பெட்டியுமாக வேனின் பின்கதவருகே நின்றிருந்தார். ஹீட்டர் எரிவதைப் பார்க்க பாஸும் வந்திருந்தார்.

"வா புள்ள, ராகு காலம் வரப்போகுது" என்றார் மாமியார்.

நான் சிலிண்டரைப் பார்த்தேன். மல்லிகை மாலை, சந்தனப் பொட்டு, எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் சிலிண்டரில் அச்சடித்த எழுத்துகள், நேற்றுப் பக்கச் சுவரைப் பார்த்திருந்தவை, இன்று கதவைப் பார்த்திருந்தன.

"இதத் திருப்பினது யாரு?"

"நான்தான்" என்றார் வீட்டுக்காரர். "பொட்டு செவத்தப் பாத்தா நல்லாவா இருக்கும்? பெல்ட்டக் கழட்டி முன்னால திருப்பி வெச்சேன். கற்பூரம் காட்டின கையோட ஹீட்டரப் பத்த வைக்கலாம்னு ரெகுலேட்டரையும் இப்பதான் தொறந்தேன்."

மாமியார் தீக்குச்சியைக் கையில் எடுத்துவிட்டார்.

"அத்தை! உரசாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் தட்டு ஆடியது. "நல்ல காரியத்துல ஏன் இப்படிக் கத்துற?" என்று அவர் முகம் சிவந்தார். "நேத்துத்தானே பாத்த? சந்தேகப் பிராணி" என்றார் வீட்டுக்காரர். நான் மாமியாரைத் தோளில் பிடித்து வீதி வரைக்கும் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்து, பஞ்சைச் சோப்பில் தோய்த்து, சிலிண்டரைத் திருப்பியதில் முறுகிக்கிடந்த கேஸ் ஹோஸின் அடி இணைப்பில் தடவினேன்.

ஒரு குமிழி முளைத்தது. தேசிக்காய் அளவுக்கு ஊதி உடைந்தது. உடனே இன்னொன்று முளைத்தது.

மல்லிகையும் சந்தனமும் மணக்கிற இடத்தில் கேஸ் மணத்தை யார் கண்டார்கள்? ரெகுலேட்டரை இறுக மூடினேன். பாஸ், "யா அல்லாஹ்" என்று பின்வாங்கினார். வீட்டுக்காரர் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பயம், கோபம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கர்வம். ஆமாம், கர்வம்தான். நாலு உயிரும் ஒரு வேனும் என் பஞ்சு நுனியில் தப்பின.

சிலிண்டரின் மல்லிகை மாலையைக் கழற்றினோம். சிலிண்டர் பழைய பக்கம் திரும்பியது. முறுகிய ஹோஸை எறிந்துவிட்டு பாஸ் புது ஹோஸும் புது கிளிப்பும் வாங்கிவந்து பூட்டினார். மறுபடி தடவினேன், குமிழி இல்லை. ராகு காலம் கழிந்த பிறகு, நான் ரெகுலேட்டரை மூட, வேனின் முன்பக்கம் தள்ளி நின்று கற்பூரம் காட்டினார் மாமியார். அது அணைந்து ஆறிய பிறகுதான் ஹீட்டரைப் பற்றவைத்தேன். நீலச் சுடர் பிடித்தது. குழாயில் ஆவி பறந்தது.

"பொட்டு செவத்தையே பாக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர். ஸ்கூல் ஹயர் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவே இல்லை.

அந்தச் சாப்பாட்டுக் கடை முதலாளி, நாங்கள் சுடுதண்ணீரில் கழுவி முடித்ததும் கிட்ட வந்து விரலால் தட்டிப் பார்த்தார். "கண்ணாடியக் கழட்டிட்டீங்களோன்னு பாத்தேன்" என்றார். வீடு வந்து சேரும் வரைக்கும் அதை நானே எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஆயுத பூசை வந்தது. ஏணி, வாளி, பஞ்சு, ஹீட்டர் எல்லாவற்றுக்கும் மாமியாரே பொட்டு வைத்தார். கற்பூரத் தட்டோடு வேனுக்கு எட்டத்தில், வீதியோரமாக நின்றுகொண்டார். தீப்பெட்டியைக் காணவில்லை, மடியில் சொருகியிருந்தார். ஐந்தாறு அயலவர்கள் சுற்றி நிற்க, என்னைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"மொதல்ல நீ சோப்பப் போடு புள்ள. ஒன் கை சரின்னு சொன்னாத்தான் நான் குச்சி எடுப்பேன்."

ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்து, ரெகுலேட்டரை மூடிவிட்டுத் தலையாட்டினேன். தீப்பெட்டி மடியிலிருந்து வெளியே வந்தது.