பெலாச்சான் இல்லாத இலை

1. நகத்தளவு இறால்

டிரெசர் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது, "பெரிய கேஸ் என்னல்லாம் பாத்திருக்கீங்க ஐயா?" என்றுதான். பாம்பு கடித்தது, லாரி ஏறியது, மரம் விழுந்தது எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆனால் என் மனதில் பெரிய கேஸ் என்று நிற்பது ஓர் அம்மாள் சோறு சாப்பிட்ட கதை. சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்த வருஷம் அது. மலாக்காவில், காஜா பெராங்கில் டாக்டர் துரைராஜாவின் கிளினிக்கில் நான் டிரெசர். கட்டுப் போடுவது, ஊசி கொதிக்க வைப்பது, மருந்து கலக்குவது, நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்று இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவது எல்லாம் என் வேலை. டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தால்தான் பேச்சில் மரியாதை கூடும்.

தெய்வானை அக்காவை அந்தப் பகுதியில் தெரியாதவர்கள் இல்லை. மலாக்கா செட்டிக் குடும்பம். முன்னோர் எந்தக் காலத்திலோ தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்து இங்கேயே வேர்விட்டவர்கள். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். அக்கா, மாமா என்று உறவுமுறையில் மட்டும் தமிழ் மிச்சமிருக்கும். அவர்கள் பேசியதை இங்கே பெரும்பாலும் தமிழில்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு உடம்பெல்லாம் காணாக்கடி. திட்டுத் திட்டாகத் தடித்து எழும்பும்; உதடு வீங்கும்; இரண்டு முறை மூச்சே திணறியிருக்கிறது. டாக்டர் கடுமையான பத்தியம் போட்டார். கஞ்சி, வேகவைத்த சுரைக்காய், உப்பு. வேறு ஒன்றும் கூடாது. தடிப்பெல்லாம் அடங்கிய பிறகு ஒவ்வொரு பண்டமாகத் திரும்பக் கொடுத்து, எது ஒத்துக்கொள்கிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்ப்பது அவர் முறை. கோழி, முட்டை, மீன், தேங்காய்ப்பால் எல்லாம் பாஸ்.

கடைசியாக இறால். அதை மட்டும் வீட்டில் வேண்டாம், என் கண் முன்னால்தான் என்று கிளினிக்குக்கு வரச் சொன்னார். நான் அட்ரினலின் ஊசியை ஏற்றிக் கையிலேயே வைத்திருந்தேன். நகத்தளவுதான் கொடுத்தோம். அக்கா மென்று விழுங்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கீழுதடு தடித்துவிட்டது. கையைத் தொண்டைக்குக் கொண்டுபோனார். "போடும், போடும்!" என்று டாக்டர் கத்தியபோது நான் ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தேன்.

மூச்சு சீரான பிறகு டாக்டர் அருகே உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "கள்ளனைப் பிடிச்சாச்சு அம்மா. இறால் கூடாது, இறாலில் செய்த எதுவும் கூடாது. மற்றதெல்லாம் சாப்பிடலாம். பத்தியம் முடிஞ்சுது."

"பெலாச்சான்?" என்று கேட்டார் அக்கா.

"அதுவும் கூடாது."

பெலாச்சான் என்பது கூனி இறாலை உப்போடு இடித்துப் புளிக்க வைத்துக் காயவைத்த கட்டி. நம் வீட்டில் புளி, மிளகாய் எப்படியோ அப்படி அவர்கள் சமையலில் அது. அம்மியில் முதலில் விழுவதே அதுதான். அதை விலக்கச் சொல்வது ஒரு மனுஷியிடம் உன் வீட்டு அடுப்பை விட்டு எழுந்து போ என்று சொல்வதற்குச் சமம்.

2. முடியாத பத்தியம்

கொஞ்ச நாள் கழித்து, பிள்ளை என்று எல்லோரும் கூப்பிடும் அவர் கணவர் கிளினிக்குக்கு வந்தார். முனிசிபல் அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா; கசங்காத சட்டை, சத்தமாகப் பேசத் தெரியாதவர்.

"டிரெசர், அவ இன்னும் கஞ்சிதான் குடிக்கிறா. கஞ்சியும் சுரைக்காயும். வேற எதையும் தொடல. எலும்பும் தோலுமா ஆயிட்டா."

டாக்டர் காதில் விழுந்தது. "முடிஞ்சுது எண்டு சொன்ன பத்தியத்தை ஏன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா? நீர் போய்ப் பாரும். ஊசிப் பெட்டியையும் கொண்டு போம். பக்கத்தில நீர் இருந்தா பயம் தெளியும்."

இப்படித்தான் மத்தியான வேளைகளில் நான் அந்த வீட்டுக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு விருந்து சாப்பிட்டவன். என் கணக்கில் எந்தப் பழமொழி பொருந்தும் என்று தெரியவில்லை. அந்த வீட்டு ருசி அப்படி. அக்கா எல்லோருக்கும் சமைப்பார், பரிமாறுவார். பிறகு ஒரு தகரத் தட்டில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு அடுப்போரம் தனியாக உட்கார்ந்துவிடுவார்.

வீட்டில் உள்ளவர்கள் சும்மா இருக்கவில்லை. பிள்ளை ஒருநாள் பண்டார் ஹிலிர் பக்கம் போய்ப் புது அம்மிக்கல் ஒன்று வாங்கி, சைக்கிள் பின்னால் கட்டித் தள்ளிக்கொண்டே வந்தார். பெலாச்சான் படாத அம்மி. கசங்காத சட்டை அன்று முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அக்கா அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தார். அதில் இஞ்சியும் மஞ்சளும் அரைத்து எனக்கும் பிள்ளைக்கும் மீன் குழம்பு வைத்தார். தனக்குக் கஞ்சி.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, இதுல இறால் வாசமே கிடையாது. நான் பக்கத்துல இருக்கேன், ஊசியும் இருக்கு. ஒரு வாய் சாப்பிடுங்க" என்றேன்.

ஒரு வாய் சாப்பிட்டார். ஒன்றும் ஆகவில்லை. தட்டைத் தள்ளி வைத்தார்.

"பயமா அக்கா?"

"பயம் இல்ல டிரெசர்." பிள்ளை வாசல் பக்கம் போகும்வரை காத்திருந்தார். "அன்னிக்கு டாக்டர் ரூம்ல உதடு தடிச்சுது, அப்புறம் தொண்டை அடைச்சுது இல்ல? அப்ப எனக்கு எங்கம்மா முகம் வந்துச்சு. மாக் பூன் மாச்சாம் இனி." அம்மாவும் இப்படியேதான் என்று அர்த்தம்.

அவர் அம்மா பல வருஷங்களுக்கு முன்னால் இதே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உதடு வீங்கி, மூச்சடைத்து இறந்தவர். செய்வினை என்றார்கள், காற்று சேஷ்டை என்றார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தது சம்பல் ஊடாங், இறால் வறுவல். கடைசியாக ஆசையோடு சாப்பிட்டது அதுதான் என்று ஒவ்வொரு வருஷமும் படையலில் அம்மா இலையில் அதைத்தான் வைக்கிறார்கள்.

"இதை வீட்டுல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? அன்னிக்கு அந்தச் சம்பலை ஆக்கி அம்மாவுக்குப் போட்டது எங்க பெரியக்கா. 'இன்னும் கொஞ்சம் சாப்பிடும்மா'ன்னு ரெண்டாந்தரம் வச்சது அவதான். இப்ப நான் போய், இறால்தான் அம்மாவைக் கொன்னுச்சுன்னு சொல்லணுமா? நான் கஞ்சி குடிச்சா ஏன் குடிக்கிறேன்னு யாரும் கேக்க மாட்டாங்க, நோய்னு நினைச்சுக்குவாங்க. நல்லாச் சாப்பிட்டு இறாலை மட்டும் விட்டா, பெரியக்கா யோசிப்பா. அவ புத்திசாலி."

உடம்புக்குத்தான் பத்தியம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் பார்க்காத நோயாளி. இதுதான் எண்டு சொல்ல ஏலாது. இருக்கலாம். அந்தக் காலத்தில எந்த டாக்டர் வந்திருந்தாலும் இறாலை நினைச்சிருக்க மாட்டான், அதையும் சேர்த்துச் சொல்லும்" என்றார்.

நான் அக்காவிடம் இரண்டையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கஞ்சியை விடவில்லை.

3. போகியன்று

போகிக்கு அவர்கள் வீட்டில் முன்னோர் படையல். பர்ச்சு என்பார்கள். இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வாழையிலை, அவரவருக்குப் பிடித்த பண்டம். அவர்கள் வந்து உண்டதாகக் கொண்டு, பிறகு குடும்பம் உட்கார்ந்து சாப்பிடும். பிள்ளை என்னையும் வரச் சொல்லியிருந்தார். நானும் போனேன், ஊசிப் பெட்டியோடு.

படையலுக்குச் சமைக்கும்போது யாரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. வாசத்தை வைத்துத்தான் உப்பு, காரம் எல்லாம். அதனால் அன்று ஒருநாள் தெய்வானை அக்காவுக்கும் மற்றப் பெண்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பல மாதம் கழித்து அவர் முகத்தில் கொஞ்சம் களை பார்த்தேன்.

சாயங்காலம் இலைகள் போட்டார்கள். அக்காவின் அப்பாவுக்கு ஒன்று, தாத்தாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. அம்மா இலையில் சோறும் மீனும் காய்கறியும் இருந்தன. அந்த ஓர் இலையில் இருந்ததெல்லாம் புது அம்மியில் அரைத்துச் செய்தவை என்பது அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

புக்கிட் பாருவிலிருந்து பெரியக்கா வந்தார். பெரிய உருவம், பெரிய குரல், மனசும் அதே அளவு. கையில் மூடிய கிண்ணம். ஒவ்வொரு வருஷமும் சம்பல் ஊடாங் அவர் கையால்தான். மூடியைத் திறந்து, கரண்டியால் அள்ளி, அம்மா இலைக்குக் குனிந்தார்.

தெய்வானை அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம்கா. அம்மாவுக்கு வேணாம்."

"என்னடி இது? அம்மா ஆசையாச் சாப்பிட்டதுடி!"

"அம்மாவுக்கு அது ஒத்துக்காதுக்கா. எனக்கு ஒத்துக்காத மாதிரியே."

சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. பெரியக்கா தங்கையின் உதட்டைப் பார்த்தார். பிறகு தொண்டையை. தெய்வானை அக்கா சொன்னது சரி, பெரியக்கா புத்திசாலி. கரண்டி கிண்ணத்துக்குள் தானாக இறங்கியது.

"டிரெசர்," என்றார், குரலே வேறாகிவிட்டது. "நெசமா?"

"இருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. உறுதியாச் சொல்ல முடியாதாம். ஆனா அன்னிக்கு எந்த டாக்டர் வந்திருந்தாலும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாராம். அதையும் சொல்லச் சொன்னாரு."

"நான்தானே ரெண்டாந்தரம் வச்சேன்."

"ஆசையா வச்சக்கா," என்றார் தெய்வானை. "அம்மாவும் ஆசையாச் சாப்பிட்டா. யாருக்குத் தெரியும்?"

"இத்தனை வருஷமா அதையே வச்சிருக்கோமேடி. அம்மா வந்து பாத்துட்டுப் பசியோடவா போயிருப்பா?"

அந்தப் பெரிய உடம்பு சுவரோரம் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதது. தெய்வானை பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அழுதேன். டிரெசர் அழக்கூடாது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லவில்லை.

பிறகு பெரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கிண்ணத்துச் சம்பலை அப்பா இலையில் வைத்தார். "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. அவரு கல்லையும் செரிப்பாரு" என்றார். அழுகையோடேயே எல்லோரும் சிரித்தோம்.

"அம்மாவுக்கு இன்னும் என்ன பிடிக்கும்?" என்று யோசித்தார். "அன்னாசிப்பழப் பச்சிரி! அதுல பெலாச்சான் போட்டியா?"

"போடல. எனக்கும் ஆகணும்னுதான்."

அடுப்படிக்குப் போகக் காலெடுத்தவர் நின்று என் பக்கம் திரும்பினார். "டிரெசர், கையில ஒட்டியிருந்தாக்கூட ஆகாதா?"

"ஆகாது பெரியக்கா."

கிணற்றடிக்குப் போனார். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினார். வேறு கரண்டி எடுத்து, புளிப்பும் இனிப்புமான அந்த அன்னாசிப் பச்சிரியை அம்மா இலையில் வைத்தார்.

கும்பிட்டு முடிந்து கொஞ்ச நேரம் கழித்து, குடும்பம் சாப்பிட உட்கார்ந்தது. தெய்வானை அக்கா வழக்கம்போலத் தகரத் தட்டைத் தேடி எழுந்தார். பெரியக்கா அவர் கையைப் பிடித்து அம்மா இலை முன்னால் உட்கார வைத்தார்.

"இன்னிலேர்ந்து இது உன் இலை. இதுல உள்ளது ரெண்டு பேருக்கும் ஒத்துக்கும்."

அக்கா சாப்பிட்டார். முதல் வாய்க்கு நான் பெட்டியின் கொக்கியை விரலால் தள்ளித் தயாராக வைத்திருந்தேன். பாதி இலை காலியானபோது கொக்கியை மாட்டிவிட்டேன். சோறு தீர்ந்ததும் அக்கா நிமிர்ந்து, "இன்னும் கொஞ்சம்" என்றார்.

சோற்றுப் பானையோடு எழுந்த பெரியக்கா அப்படியே நின்றுவிட்டார். ரெண்டாந்தரம். எனக்கும் புரிந்தது, எல்லோருக்கும் புரிந்தது. தெய்வானை அக்கா இலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, "வைக்கா" என்றார். பெரியக்கா வைத்தார்.

இதுதான் என் பெரிய கேஸ். பத்தியம் முடிந்தது என்று டாக்டர் சொல்கிற நாள் ஒன்று. அது உண்மையிலேயே முடிகிற நாள் வேறொன்று. அதன் பிறகு நான் யாருக்கு எதை விலக்கச் சொன்னாலும், மருந்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன். நீங்களும் கேளுங்கள். "வீட்டுல உங்களுக்குச் சோறு போடுறது யாரு? அவங்களையும் கூட்டிட்டு வாங்க."