ஆர். ஜெயலெட்சுமி ஒருத்தி இல்லை, இரண்டு பேர்

இன்று பதுளை டவுனில் இன்டர்வியூ. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

சாப்ட்வேர் கம்பெனி வேலை. நானும் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளத்து லயத்து ஜெயாவும் ஒன்றாகத்தான் விண்ணப்பித்தோம். எனக்கு அழைப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. ஜாவாவில் என்னைவிடக் கெட்டிக்காரி அவள். (எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்!)

"நான் எதத் தப்பா எழுதுனேன்னே தெரியலடி" என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். ஆனாலும் எனக்குத் துணையாகத் தெமோதரையில் பஸ் ஏறி வந்து, எதிர்க் கடையில் பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே கொழும்பிலிருந்து வந்த ஒரு சார். முதல் கேள்வியே இதுதான்.

"லிஸ்ட்ல நிறைய பெயர் இருக்கு. அதுல ரெண்டாவது அரிதான பெயரை ஜாவா ஸ்ட்ரீம்ல எடுங்க. ரெண்டுக்குப் பதிலா எந்த எண்ணைக் குடுத்தாலும் வேலை செய்யணும்."

எழுதினேன். ஒரே பெயர்களைக் குரூப் பண்ணி, எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி, குறைவானது முதலில் வரும்படி அடுக்கி, கேட்ட எண்ணுக்கு முன்னால் இருப்பவற்றை விட்டுவிட்டு அடுத்ததை எடுப்பது. அவ்வளவுதான்.

"ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருதே. முதல்லயே டிஸ்டிங்க்ட் போட்டு, ஒண்ணை மட்டும் வச்சு மத்ததைத் தூக்கிரலாம்தானே?"

"தூக்கினா எல்லாப் பெயரும் ஒவ்வொண்ணுதாங்க சார் மிஞ்சும். அப்புறம் எது அரிதுன்னு எப்படிச் சொல்றது?"

சார் சிரித்தார். "கரெக்ட். நிறைய பேர் இங்கதான் விழுவாங்க."

அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன். "சார், என் கூட்டாளியும் போட்டிருந்தா. அவளுக்கும் ஆர். ஜெயலெட்சுமிதான் பேரு. அவளை ஏங்க கூப்பிடல?"

கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "அது நீங்க ரெண்டு தடவை போட்டதுன்னு நினைச்சோம். பெயரும் அட்ரஸும் ஒண்ணா இருந்தா சிஸ்டம் ஒண்ணை அழிச்சிரும்."

எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

என் அப்பா ராமையா. அவள் அப்பா ராஜகோபால். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு நம்பரும் கிடையாது, பாதைக்குப் பெயரும் கிடையாது. அத்தனை குடும்பத்துக்கும் தோட்டத்தின் பெயர்தான் முகவரி. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், மேட்டு லயமா பள்ளத்து லயமா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

போன் நம்பர் வேறு, பிறந்த தேதி வேறு, முகமே வேறு. ஒருத்தர் கண்ணிலுமா படவில்லை? படித்துப் பாஸான ஒருத்தியை ஒரே வரியில் அழித்துவிட்டு, அதே தப்பை நான் செய்கிறேனா என்று எனக்குப் பரீட்சை வைக்கிறார்கள்!

"கொஞ்சம் இருங்க சார்" என்று எழுந்து போய், ரோட்டைத் தாண்டி அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுடி, நான் எதுக்கு? டீக்கு இன்னும் காசு குடுக்கல."

"பேசாம வா."

சார் முன்னால் நிறுத்தினேன். "நீங்க அழிச்சது இவளத்தாங்க சார்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மன்னிச்சிருங்க. இவங்களையும் இன்னைக்கே பார்த்திடுறேன். ஆனா பழைய அப்ளிகேஷன் இல்ல, இப்பவே திரும்பப் போட்டுருங்க."

ஜெயா போனை எடுத்தாள். பெயரை அடித்தாள். அடுத்த கட்டத்தில் விரல் நின்றுவிட்டது.

"அட்ரஸ் என்னாங்க சார் போடுறது? எனக்கும் அதே அட்ரஸ்தான்."

சார் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். உங்கள் யாரிடமாவது இதற்குப் பதில் இருக்கிறதா?