ஐம்பத்து மூன்றரை இன்ச்

அத்தை முப்பத்தொரு வருடமாகத் துணி தைக்கிறாள். ஆள் வாசலில் வந்து நின்றாலே தோள் அளவு சொல்லிவிடுவாள். கார் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம், மாமாவின் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் கிரீஸ் எந்தச் சோப்புக்குப் போகும் என்பதுதான்.

மாமாவுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம். பேச்சு போய்விட்டது. கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தால் ‘ஆமாம்’ என்று ஆஸ்பத்திரியில் பழக்கி அனுப்பினார்கள். அவர் எல்லாவற்றுக்கும் மூடினார். சாப்பிடறீங்களா? மூடுவார். அப்புறமா சாப்பிடறீங்களா? அதற்கும் மூடுவார். ஃபேன் போடவா, நிறுத்தவா, இரண்டுக்கும் ஆமாம்தான்.

“முப்பது வருஷமா எதுக்குமே சரின்னு சொல்லாத மனுஷன். இப்ப எல்லாத்துக்கும் சரிங்கறார்” என்றாள் அத்தை. சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் வாடகை ஷெட்டில் மாமாவின் பழைய கார் நின்றது. பதினோரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குள் போயிருந்தன. மட்கார்டு நான்கையும் அவரே தகடு வாங்கி, வளைத்து, சுத்தியால் தட்டித் தட்டிச் செய்தார். பழைய எஞ்சின் இனிமேல் ஆகாது என்றானதும் ஒரு வேனின் டீசல் எஞ்சினை வாங்கிப் பொருத்தினார். பின் ஆக்ஸிலை மாற்றுவதற்குள் விழுந்துவிட்டார். இப்போது ஷெட்காரர் இடத்தைக் கேட்கிறார். முப்பதாம் தேதிக்குள் ஓடினால் கார் அவர்கள் மகள் வீட்டுக்குப் போகும். ஓடாவிட்டால் பழைய வண்டிகளை உடைக்கிற கடைக்கு.

“ஓடட்டும்” என்றாள் அத்தை.

மெக்கானிக்குக்கு ‘பொறுமை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். யார் என்ன கேட்டாலும் “பொறுமை, பொறுமை” என்பார். ஊரில் அவரிடம் மட்டும்தான் அது கிடையாது.

“பழைய ஆக்ஸில் இந்த எஞ்சினைத் தாங்காதுக்கா. உள்ள பல்லு எகிறிடும். தாங்கினாலும் எஞ்சின் தொண்டை கிழியக் கத்தும், வண்டி நடந்துதான் போகும்.”

“ஏன்?”

“சக்கரம் ஒரு சுத்து வர, எஞ்சின்லேர்ந்து வந்து ஆக்ஸிலைச் சுத்தற நடுத்தண்டு அஞ்சு சுத்து சுத்துது. அது பழைய எஞ்சினுக்குச் சரி. இது நிதானமான எஞ்சின். நாலு சுத்துல முடியணும்.”

அத்தை விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டாள். “மிஷின்ல பெரிய சக்கரம் ஒரு சுத்து வந்தா, ஊசி எத்தனை தையல் போடுதுங்கற மாதிரி.”

“அதேதான்! எனக்கு இது புரிய ரெண்டு வருஷம் ஆச்சுக்கா” என்றார் பொறுமை.

பழைய ஆக்ஸிலின் அகலம் அளக்க அவளுடைய துணி டேப்பையே எடுத்து வந்தாள். காருக்கு அடியில் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். மறுமுனையில் அவள், “ஐம்பத்து மூணரை” என்று வாய்விட்டுச் சொன்னாள். சீட்டில் 54½ என்று எழுதினாள். பார்த்தேன். ஏதாவது கணக்கு இருக்கும் என்று வாயைத் திறக்கவில்லை. பெரும்பாலும் திறப்பதில்லை.

உடைக்கிற கடையில் ஆக்ஸில்கள் எலும்பு மாதிரி அடுக்கிக் கிடந்தன.

“தையல் கடை அந்தப் பக்கம்மா” என்றார் கடைக்காரர், அவள் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பார்த்து.

அத்தை பையிலிருந்து துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்தாள். முதல் ஆக்ஸிலில் அடையாளம் வைத்து, ஆளுக்கொரு சக்கர முனையை நாங்கள் சேர்ந்தாற்போல் ஒரு சுற்று சுற்ற, நடுத்தண்டு எத்தனை சுற்று வருகிறது என்று கடைக்காரர் எண்ணினார். ஐந்து. தள்ளினாள். இரண்டாவது, நாலு. மூன்றாவதும் நாலு. இரண்டாவதை அளந்தால் ஐம்பத்து மூன்றரை, மூன்றாவது ஐம்பத்து நாலரை.

“சின்னக் காருக்கு இதுவே போதும்மா” என்று கடைக்காரர் இரண்டாவதைக் காலால் தட்டினார்.

அத்தை சீட்டைக் காட்டினாள்.

“சரிதான். நான் இரும்பை அளக்கறவன், நீங்க ஆளையே அளக்கறவங்க. உங்ககிட்ட நான் பேச முடியுமா?” என்று மூன்றாவதை வண்டியில் ஏற்றினார்.

அன்று சாயங்காலம் மாமாவிடம் கேட்டாள். “பெரிசா எடுத்திருக்கேன், சரிதானே?” மூடினார். “சின்னதையே எடுத்திருக்கணுமோ?” மூடினார். அத்தை அவர் வாயைத் துடைத்துவிட்டுத் துண்டை மடித்தாள்.

ஸ்பிரிங் உட்காரும் இடத்தை வெல்டு வைத்து, பிரேக் மாற்றி, பொறுமை முடிக்கும்போது தேதி இருபத்தேழு. மாமாவைச் சக்கர நாற்காலியில் ஷெட் வாசலுக்குக் கொண்டுவந்தோம். எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்தது. கார் நகர்ந்து வாசல் பள்ளத்தில் இறங்கியதும் பின்னாலிருந்து கர்ரென்று ஒரு சத்தம். டயர் மட்கார்டில் உரசியது. பொறுமை வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, இரும்பு டேப்பைப் போட்டார்.

“ஐம்பத்து நாலரை. பழசு எவ்வளவுக்கா?”

“ஐம்பத்து மூணரை.”

“அப்புறம் சீட்டுல?”

அத்தை சீட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். “தையலுக்கு ஒரு இன்ச் விட்டுட்டேன்.”

“இரும்புக்கா?”

“கைப் பழக்கம்.”

பொறுமை சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். “பக்கத்துக்கு அரை இன்ச்தானே. மட்கார்டு ஓரத்தை வெட்டி எடுத்துட்டா தீர்ந்துது. அரை மணி நேர வேலை.” கட்டர் மிஷினுக்கு ஒயரை இழுத்துவந்தார்.

அத்தை நாற்காலிக்கு முன்னால் போய்க் குனிந்தாள். “ஏங்க, மட்கார்டை வெட்டலாமா?”

மாமா மூடவில்லை.

காதில் விழவில்லை என்று நினைத்தோம். அவள் மறுபடியும் கேட்டாள். கண் திறந்தபடியே இருந்தது. இமைக்காமல் இமைக்காமல் ஓரம் சிவந்து, தண்ணீர் கோத்துக்கொண்டது. அப்போதும் மூடவில்லை. பொறுமை ஒயரைக் கீழே போட்டார்.

“வேண்டாங்கறார்” என்றாள் அத்தை. கரண்ட் போய்விட்டது என்று சொல்கிற அதே குரல்தான்.

“மூணு நாள்தான் இருக்குக்கா.”

“பிரிச்சுடுங்க. அளவு தப்பினா பிரிச்சுத்தான் தைக்கணும்.” என் பக்கம் திரும்பினாள். “அந்த இன்னொண்ணு இருக்கான்னு கேளு.”

ஃபோன் போட்டேன். “அங்கேயேதான் கிடக்கு. அதை யாரு தூக்கிட்டுப் போகப்போறா?” என்றார் கடைக்காரர்.

“இருக்காம், கேட்டுதா?” என்று அத்தை மாமாவின் கன்னத்தைத் துடைத்தாள். “போதும். இப்ப மூடிக்குங்க.”

மூடினார்.

முப்பதாம் தேதி மத்தியானம் கார் சத்தமில்லாமல் பள்ளத்தில் இறங்கித் தெருவில் ஏறியது. மாமா வாசலில் இருந்தார். அத்தை வரவில்லை. ஒரு கவுனுக்குப் பட்டன் பாக்கி இருந்தது.