அம்மா மடித்து வைத்த சேலை

எங்கள் மாதா கோயில் வளாகத்தில் பங்குச் சாமியார்கள் குடியிருந்த பழைய பங்களா இப்போது ஒரு சிறிய அருங்காட்சியகம். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மழை பெய்தால் சுண்ணாம்புச் சுவரில் ஓதம் ஏறும். கரையான் தொல்லை வேறு. பழைய பூசை உடைகளையும் மாதாவுக்குச் சாத்திய பட்டுகளையும் வருடத்துக்கு ஒருமுறை நிழலில் உலர்த்தி, பழைய மடிப்பை விட்டு வேறு இடத்தில் மடித்து வைப்பேன். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்த இடத்தில் இற்றுப்போகும். பார்க்க வருகிறவர்களிடம் இதைப் பெரிய மேதாவி மாதிரி விளக்கவும் செய்வேன்.

ஒரே ஒரு சேலையை மட்டும் நான் பிரித்ததில்லை. அது என் அம்மாவின் கல்யாணச் சேலை.

கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குக் கடும் காய்ச்சல். நான் பிழைத்தால் கல்யாணச் சேலையை மாதாவுக்குச் சாத்துவதாக அம்மா நேர்ந்துகொண்டாள். நான் பிழைத்துவிட்டேன். திருவிழா முடிந்ததும் சாத்திய சேலைகளை ஏலம் விடுவது வழக்கம். அதற்காக அம்மாவே அதை மடித்துக் கொடுத்தாள். ஏலத்துக்குள் வேறொரு காய்ச்சலில் அவளே போய்விட்டாள். அப்புறம் அதை ஏலம் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை, கோயிலிலேயே தங்கிவிட்டது. அம்மாவின் முகம் எனக்கு நினைவில்லை. அவள் கைவேலை என்று எனக்கு மிஞ்சியது அந்த மடிப்பு ஒன்றுதான். அதை எப்படிக் கலைப்பேன்?

செம்பட்டியில் இருக்கும் அக்காவுக்கு அம்மாவை நன்றாக நினைவிருக்கிறது. அதில் எனக்குத் தீராத பொறாமை. சேலை கத்திரிப்பூ நிறம் என்பாள். கண்ணாடிப் பெட்டியில் பழுப்பாகக் கிடப்பதைக் காட்டி அவளோடு மல்லுக்கு நிற்பேன். கல்யாணப் போட்டோவும் கறுப்பு வெள்ளை.

இந்த மழைக்குப் பிறகு பெட்டியைத் துடைக்கும்போது, மேல் மடிப்பில் பட்டு கீறிக்கொண்டு வருவதைப் பார்த்தேன். அக்காவுக்குப் போன் போட்டேன். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"வீட்டுல பட்ட மாத்தி மாத்தித்தான மடிக்கிறோம். இத மட்டும் ஏண்டி இப்பிடியே போட்டு வச்சிருக்க?"

"அம்மா மடிச்சது அக்கா."

அவள் குனிந்து அந்தக் கீறலைப் பார்த்தாள். "மடிப்ப வச்சுக்கிட்டுச் சேலைய விட்டுருவியா?" என்றாள்.

இரண்டு பேரும் கையுறை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பிரித்தோம். மேலே பழுப்பு. வெளிச்சமே படாத உள்மடிப்பு விரிந்தபோது, நல்ல கத்திரிப்பூ நிறம். அக்கா சொல்லிக் காட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கண் கலங்கி முந்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு ஞானஸ்நானம் குடுக்கயில இதத்தான் கட்டியிருந்தா. வெளிய ஒரே காத்து. இந்த முந்திக்குள்ளதான் ஒன்னப் பொத்தித் தூக்கிட்டு வந்தா."

கையுறையைக் கழற்றிவிட்டு ஒருமுறை அதைத் தொட வேண்டும் போலிருந்தது. கழற்றவில்லை. மடிப்புகளுக்குள் மெத்தென்று துணியைச் சுருட்டி வைத்து, வேறு இடத்தில் மடித்தோம். வெளிச்சம் படாதபடி முந்தியை உள்ளே வைத்தோம். அம்மாவின் மடிப்பு போய்விட்டது.

"அந்த முந்திக்குள்ள இருந்தது எனக்கு ஏன்க்கா ஞாபகமே இல்ல?" என்று கேட்டு, இந்த வயதிலும் அக்காவின் தோளில் சாய்ந்து அழுதேன்.