அண்ணனுக்கும் எனக்கும் நடந்த பரீட்சைகள்

இலங்கை மலைநாட்டில், நமுனுகுலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். விடிந்ததும் பெரட்டுக்களத்தில் ஆட்களைக் கூட்டி, பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்து அனுப்புவது என் பொறுப்பு. எழுபதுகளின் கடைசியில் ஒரு காலை, கொழுந்து கிள்ளும் பெண்கள் அத்தனை பேரையும், அப்போதுதான் கவ்வாத்து வெட்டி முடித்த மலைக்கு அனுப்பினேன். கவ்வாத்து வெட்டினால் தேயிலைச் செடியில் குச்சிதான் மிஞ்சும்.

கூடையோடு நகர்ந்த கூட்டம் நின்றது.

"கொழுந்து கிள்ளணுமா, வெறகு ஒடிக்கணுமாங்க ஐயா?" என்றாள் முன்னால் நின்றவள்.

களமே சிரித்தது. நானும் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தேன். இந்த மறதி எதில் போய் முடியுமோ என்று உள்ளே பயம்.

காரணம் என் அண்ணன். என்னைவிட வெகுவாக மூத்தவர், ஓய்வுபெற்ற கங்காணி, எங்கள் வீட்டில்தான் இருந்தார். கொஞ்ச காலமாக அவருக்கு ஞாபகம் கரைந்துகொண்டிருந்தது. முதலில் சாப்பிட்டதை மறந்தார். பிறகு குழாயடிக்குப் போகும் வழியை மறந்தார். நானோ காலையும் மாலையும் அவர் முன்னால் நின்று, "அண்ணே, நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று ஸ்கூல் இன்ஸ்பெக்டர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தால் மூளை துருப்பிடிக்காது என்பது என் வைத்தியம். அவர் பதில் தெரியாமல் என் சட்டைப் பொத்தானையே பார்ப்பார்.

குச்சி மலைக்குப் பிறகு என்னையும் பரீட்சிக்கத் தொடங்கினேன். பல் விளக்கும்போதே தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆட்களின் பெயர்களைப் பின்னாலிருந்து முன்னாக ஒப்பிப்பேன். ஒரு பெயர் சிக்கிக்கொண்டால் போதும், என் கருமாதிப் பந்தல்வரை யோசித்துவிடுவேன். சாப்பாட்டுக்கு மூன்று வேளையும் வல்லாரைச் சம்பல்.

"மாடுகூட ஒரு வேளைக்குத் தவிடு கேக்கும்" என்றாள் மனைவி.

"மூளைக்கு நல்லதுடி."

"அது இருக்கிறவங்களுக்குத்தானேங்க?"

கடைசியில் அவளே எங்கள் இருவரையும் பதுளைக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரியில் இருந்தவர் யாழ்ப்பாணத்து டொக்டர். அண்ணனிடம் அவசரப்படாமல் பேசிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சப் பேருக்கு மூளைக் கலங்களுக்கு, அதுதான் செல்லுகளுக்கு, வெளியில ஒரு புரதம் கட்டி கட்டியாப் படியும். உள்ளுக்கு இருக்கிற நாரெல்லாம் முறுகிச் சிக்குப்படும். பிறகு கலம் சாகும். ஒரு கலம் மற்றதுக்குச் சேதி சொல்லுற இரசாயனமும் குறைஞ்சிடும். உங்கட அண்ணருக்கு அதுவாத்தான் இருக்கோணும். நிச்சயமாச் சொல்லுறதெண்டா மூளையை வெட்டி மைக்ரோஸ்கோப்பில பார்க்கோணும்."

நான் இரண்டு கையாலும் என் தலையைப் பொத்திக்கொண்டேன். "என்னோடத மட்டும் வெட்டாமப் பாத்துச் சொல்லுங்க ஐயா."

குச்சி மலைக் கதையைக் கேட்டுச் சிரித்தார். "அந்தப் பிள்ளை சொன்ன உடன உங்களுக்குப் பிழை விளங்கினதுதானே? வயசு போகப் போக எல்லாற்றை மூளையும் கொஞ்சம் சுருங்கும். பேர் நினைவுக்கு வரச் சுணங்கும். அது வேற. முதல்ல நல்லா நித்திரை கொள்ளுங்கோ."

"பின்னால எனக்கும் வருமாங்க?"

"தெரியாது. எனக்கும் வரலாம்."

துணைக்கு ஒரு டொக்டரும் இருக்கிறார் என்பதில் வெட்கமில்லாமல் ஆறுதல்பட்டேன். அண்ணனுக்கு மருந்து கேட்டேன். குணப்படுத்த மருந்தில்லை என்றார். என் இன்ஸ்பெக்டர் வைத்தியத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"புதுசாப் பதிஞ்சு வைக்கிற இடம்தான் முதல்ல பழுதாகிறது. பதியாததைத் திருப்பிக் கேட்டா மனுசன் எங்க போவார்? இனிக் கேக்காதேங்கோ. நீங்களே சொல்லுங்கோ."

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் என் தோளில் சாய்ந்து தூங்கினார். வருவது வரட்டும், அதுவரை இந்தத் தலை என்னுடையது, இதை வைத்துப் பயந்துகொண்டிருப்பதைவிட உருப்படியாக ஏதாவது செய்தே தீருவது என்று முடிவெடுத்தேன். பரீட்சை இனி அவருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. மனைவியிடம், "நான் கேட்டதையே திருப்பிக் கேட்டா ஒடனே சொல்லிடு" என்றேன்.

"கல்யாணமான நாள்லேருந்து அதத்தானே செய்றீங்க. எத நோயின்னு எடுத்துக்கிறது?"

மறுநாள் காலை தேத்தண்ணியோடு அண்ணன் பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணே, நான் உங்க தம்பி."

"தம்பியா?" கோப்பையை வாங்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லவனா?"

"சுமாருங்க."

"பரவாயில்ல, உக்காரு."

அடுத்த நாளும் சொன்னேன், அதற்கடுத்த நாளும் சொன்னேன். தினமும் அதே சந்தேகத்தோடுதான் விசாரிப்பார். ஆனால் ஒரு நாளும் உட்காரச் சொல்லாமல் விட்டதில்லை. பெரட்டுக்கு நேரமாகும்வரை நானும் உட்கார்ந்திருப்பேன்.