கச்சானில் எவ்வளவு சூடு

ஓமந்தைச் சந்தியில் என்னைக் கண்டதும் முல்லைத்தீவு பஸ் கொண்டக்டர் இறங்கி வந்தார். "மாஸ்டர், பிலோமினா ரீச்சர் மோசம் போட்டா. நேற்று அடக்கம்." சொல்லிவிட்டு விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

குடியேற்றத்திட்டப் பள்ளிக்கூடத்தில் அவர் விஞ்ஞானமும் நான் தமிழும் படிப்பித்தோம். கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பெண். யாழ்ப்பாணத்திலிருந்து காணிக்கு வந்த எங்கள் ஆட்கள் அவருக்குக் கதிரை போட்டுத் தனிக் கோப்பையில் தேத்தண்ணீர் கொடுப்பார்கள். அவரும் முகம் கோணாமல் குடிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வருடம் மழை பொய்த்து நெல் கருகியது. மேட்டுக்காணியில் கச்சான் கடலை மட்டும் தப்பியது. பிள்ளைகள் வகுப்பில் மயங்கி விழுந்தார்கள். "வெறும் மரவள்ளியில நிக்குதுகள், மாஸ்டர். வீட்டில கிடக்கிற கச்சானில ஒரு பிடி குடுத்தால் என்ன?" என்று ரீச்சர் கொதித்தார். தாய்மாருக்குக் கண்முன்னே செய்து காட்டினால் கொடுப்பார்கள் என்று நம்பினார்.

பெற்றோர் தினத்தன்று வெறும் பால் ரின்னில் தண்ணீர் ஊற்றி வெப்பமானியை வைத்தார். கீழே ஊசியில் குத்திய மரவள்ளி வற்றலைக் கொளுத்தினார். பாதரசம் கொஞ்சம் ஏறியது. தண்ணீரை மாற்றி, அதே நிறைக்குக் கச்சானைக் கொளுத்தினார். அது எண்ணெய் கசியக் கசிய எரிந்தது, பாதரசம் விறுவிறுவென்று ஏறியது. புத்தகத்தில் இருந்த சொல் 'வெப்பம்'. அது யாருக்கு விளங்கும் என்று வீட்டுச் சொல்லையே எடுத்தார்.

"பாத்தீங்களே அம்மா, கச்சானில எவ்வளவு சூடு!"

தாய்மார் எல்லோரும் ஓம், ஓம் என்று தலையாட்டினார்கள். அவருக்கு அன்று இருந்த சந்தோசத்தை நான் பிறகு ஒருநாளும் காணவில்லை.

அடுத்த கோடையில் ஊரில் சின்னமுத்து அம்மை பரவியது. ஐந்தாம் வகுப்புப் பவளம் மெலிந்த பிள்ளை, தாங்கவில்லை. செத்தவீட்டில் பிள்ளையின் தாய் நாகம்மா, ரீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டா:

"நீங்க சொன்னபடி ஒரு கச்சான்கூடத் தொட விடேல்லை, ரீச்சர். பிறகும் ஏன் போனவள்?"

எங்கள் வீடுகளில் சூடு என்றால் உடம்புக்கு ஆகாத சூடு: கட்டி, கண்ணோய், நீர்க்கடுப்பு. அதைத்தான் ரீச்சர் எரித்துக் காட்டினார் என்று ஊரே கச்சானைப் பரணில் ஏற்றிவிட்டிருந்தது.

திரும்பி வரும்போது அவர் சொன்னார்: "என்ர அம்மாவும் சூடு எண்டு அதைத்தான் சொல்லுவா. எனக்கு உறைக்கேல்லை. வெப்பம் எண்டு சொல்லியிருந்தால் ஒருத்தருக்கும் விளங்கியிராது. பிள்ளை களவாயெண்டாலும் திண்டிருக்கும்." ஒரு பிடி கச்சான் சின்னமுத்தை நிறுத்தாது என்றேன். அவர் காதில் விழவில்லை.

பிறகு வீடு வீடாகப் போய் விளக்கினார். ரீச்சருக்கு மூளை பிசகிவிட்டது என்றார்கள். கல்வி அதிகாரிகளின் கந்தோருக்கு அவர்மேல் பெட்டிசம் எழுதினார்கள். செத்த பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத கந்தோர், பாடத்தில் இல்லாததைச் செய்தார் என்று அவரைக் கடற்கரைக்கே மாற்றியது. வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. இப்போது அதே ஆட்கள் இரங்கல் கூட்டம் வைக்கப் பந்தல் போடுகிறார்கள். வெட்கமில்லாத சனம்.

இன்று காலை பந்தலடியில் ஒரு சின்னப் பெட்டை கச்சான் உடைத்துக்கொண்டு நின்றாள். தாய் அவள் கையில் ஓங்கித் தட்டினா. "சூடெல்லே! ரீச்சர் எரிச்சுக் காட்டினவா எல்லே!"

சிதறியதைப் பொறுக்கி, மண்ணை ஊதி, பிள்ளையின் கையில் வைத்தேன். தாய் என்னை முறைத்தா.

போய் வாருங்கள், ரீச்சர். உங்கள் பெயரைச் சொல்லித்தான் அந்தக் கையைத் தட்டினார்கள்.