மச்சான் கீறிய புல்

என் ராத்தாவின் மாப்பிள்ளை, அதாவது அக்கா புருஷன், எனக்கு மச்சான். அவருக்கு நாவிதன்வெளிப் பக்கம் வயல் இருக்கிறது. பாரிசவாதம் வந்து வலது கை தளர்ந்த பிறகு, கைக்குப் பயிற்சி கொடுத்தவர் தினமும் கொப்பியில் பென்சிலால் எதையாவது கீறச் சொல்லிவிட்டார். மச்சான் பூவையும் குருவியையும் தொடவே இல்லை. நெல்லும் புல்லும்தான் கீறினார். போகம் முடியுமுன் வயல் வட்டைக்குள் இறங்கித் தன் கையாலேயே புல் பிடுங்க வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு ஆசை.

நான் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறவன் என்பதால், ராத்தா வீட்டுக்குப் போனபோது கொப்பி என்னிடம் வந்தது. வாத்தியார்ப் புத்தி சும்மா இருக்குமா? சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டேன்.

முதலில் என் கண்ணில் பட்டது வேர். இலைக்கு நடுங்கிய மூன்று கோடுதான். வேருக்கு மட்டும் இழை இழையாக அரைப் பக்கம்.

"மண்ணுக்குள்ள இருக்கிற வேர ஏன் மச்சான் கீறினீங்க? கண்ணுக்குத் தெரியாதே."

"நான் புல்லப் புடுங்கிக் கையில வெச்சுத்தானே பாத்திருக்கன் மச்சான். கையில வந்தா வேரும் வரும்தானே."

அந்தப் பக்கத்தில் சிவப்பு வைக்காமல் புரட்டினேன். ஆனாலும் அடுத்த பக்கத்தில் விடவில்லை. அங்கே இரண்டு பயிர் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில், இலை தண்டைப் பிடிக்கும் இடத்தில் சின்ன நாக்குப் போல ஒரு சவ்வும் நாலைந்து மயிரும் இருந்தன. மற்றதில் அந்த இடம் வெறுமை. 'முடிக்கப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் ராத்தா போனில் பிடித்துக்கொண்டா. "தம்பி, என்னத்தடா எழுதி வெச்ச? மனிசன் பென்சிலத் தொடுறாரில்ல."

வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த வெறுமையான இடம் மனதை அரித்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மச்சானை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வட்டைக்குப் போனேன். வரம்பில் நின்று மச்சான், "ஒரு புல்லப் புடுங்குங்க பாப்பம்" என்றார். நன்றாகத் தேடிப் பார்த்து ஒன்றைப் பிடுங்கினேன்.

மச்சான் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"அது நெல்லு. இலைக்கு அடியில பாருங்க."

பார்த்தேன். நாக்கும் மயிரும் இருந்தன. பக்கத்தில் அச்சொட்டாக அதே போல நின்றதைக் குனிந்து பார்த்தேன். அந்த இடம் வழவழவென்று வெறுமையாக இருந்தது. அதுதான் புல். அந்தப் பக்கத்தில் முடிக்காமல் விட்டது ஒன்றுமே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது என்னைப் பார்த்துத்தான் சொன்னது.

பிறகு மச்சான் இறங்கினார். வலது கையால் புல்லைப் பிடித்தார். வழுக்கியது. திரும்பப் பிடித்தார், அதுவும் வழுக்கியது. மூன்றாம் முறை விரல்கள் பாதியிலேயே விரிந்துவிட்டன. அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில், "அந்த நெல்லத் தாங்க" என்றார். நான் பிடுங்கியதை வாங்கி, வலது பெருவிரலாலேயே வேரைச் சேற்றுக்குள் அழுத்தினார். சாய்ந்து, பிறகு நின்றது.

"புடுங்க ஏலாது மச்சான். நட ஏலும்."

அடுத்த கிழமை கொப்பி வந்தது. ஒரே ஒரு நெல். நாக்கும் மயிரும் சரியாக இருந்தன. கீழே ஒன்றும் இல்லை.

"வேர் எங்க மச்சான்?" என்று போனில் கேட்டேன்.

"மண்ணுக்குள்ள" என்றார்.